மாமனார் மிதித்த தரை

எங்கள் வீட்டில் எலுமிச்சம்பழம் தொலைந்துபோகாது. எங்கே விழுந்தாலும் கடைசியில் பின்கட்டின் வடமேற்கு மூலையில், அரிசி டிரம்முக்கு அடியில் போய் நின்றுகொள்ளும். பேனா மூடி, நூல்கண்டு, மாத்திரை, ஒரு தடவை என் தாலிக் கயிற்றிலிருந்து கழன்ற குண்டு, எல்லாவற்றுக்கும் அதே விலாசம்தான். 2004 தை மாதம் மரக்காணத்துக்கு வாழ வந்த முதல் வாரத்திலேயே இது எனக்குத் தெரிந்துவிட்டது. தரை ஏன் இப்படிச் சாய்ந்திருக்கிறது என்று மாமியாரிடம் கேட்டேன். அவர் தரையை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார். தரை நன்றாகத்தான் இருக்கிறது, நீ பெருமுக்கல்காரி, பாறை மேல் நடந்து பழகியவள், உனக்கு அப்படித்தான் தெரியும் என்றார்.

தரை நன்றாக இருந்த அந்த வீட்டில் கட்டிலின் இரண்டு கால்களுக்கு அடியில் செங்கல் இருந்தது. டிவி மேசைக்கு அடியில் மடித்து வைத்த கல்யாணப் பத்திரிகைகள் இருந்தன. அதிலும் ஒரு முறை உண்டு. வேண்டாத சொந்தக்காரர்களின் பத்திரிகைகள்தான் அங்கே போகும். எங்கள் கல்யாணப் பத்திரிகை அங்கே இல்லை என்பதைக் குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்டேன். சாப்பிடும்போது எல்லாரும் பஸ்ஸில் உட்கார்வதுபோல ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்தார்கள். எதிர்ப்பக்கம் உட்கார்ந்தால் ரசம் மடிக்கு வந்துவிடும். புது மருமகள் என்று என்னை எதிரே உட்கார வைத்தார்கள். ரசம் வந்தது.

சாய்வைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மேடு ஒன்று இருந்தது, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. முன்கட்டு ஒரு காலத்தில் கட்டியது, பின்கட்டு இன்னொரு காலத்தில் கட்டியது. கழுவெளி ஏரிப் பக்கம் ஈர மண் என்பதால் பின்கட்டு மட்டும் கொஞ்சம் இறங்கிவிட்டது. இரண்டும் சேரும் இடத்தில் கதவு கிடையாது, வெறும் நிலைதான். அந்த நிலைக்குக் கீழே இரண்டு விரல் உயரத்துக்குத் தரை புடைத்துக்கொண்டிருக்கும். படி என்றால் காலைத் தூக்கி வைப்போம், தரை என்றால் சும்மா நடப்போம். இது இரண்டிலும் சேராது. வீட்டில் மற்ற மூன்று பேரும் அந்த இடம் வந்ததும் தங்களுக்கே தெரியாமல் காலைச் சற்றுத் தூக்குவார்கள். என் வீட்டுக்காரர் மற்ற வீடுகளிலும் நிலையைத் தாண்டும்போது அப்படித் தூக்குவதைப் பார்த்திருக்கிறேன். திண்டிவனத்தில் அவர் வேலை பார்த்த ஜவுளிக்கடையில், இவருக்கு முழங்காலில் ஏதோ கோளாறு என்றே நினைத்துக்கொண்டிருந்தார்களாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வீட்டுத் தலைவருக்கு ஊரில் பேரே மட்டத்தால் வந்ததுதான். என் மாமனார் உப்பளத் தொழிலாளி. மாமியாரும் அதே வேலைதான். புதிதாகப் பாத்தி போடுகிறவர்கள், பழைய பாத்தியைச் சரிசெய்கிறவர்கள் எல்லாரும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். களிமண்ணைக் காலால் மிதித்து, தண்ணீர் விட்டு, எங்கே தேங்குகிறது, எங்கே மண் தலையைக் காட்டுகிறது என்று பார்த்து, மறுபடி மிதித்து, ஒரு பாத்தியை முகம் பார்க்கிற கண்ணாடிபோல ஆக்கிவிடுவார். பாத்தி மட்டமாக இல்லாவிட்டால் உப்பு ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் பூக்குமாம். அப்படிப்பட்ட மனிதர் சாயங்காலம் வந்து சாய்ந்த வீட்டில் உட்கார்ந்து, சாய்ந்த தட்டில் சாப்பிட்டுவிட்டு, சாய்ந்த கட்டிலுக்குச் செங்கல் சரியாக இருக்கிறதா என்று காலால் தட்டிப் பார்த்துக்கொள்வார். ஏன் மாமா இதைச் சரி பண்ணக் கூடாது என்று நான் கேட்டால் பதில் வராது. அவர் ஒரு நாளைக்குப் பேசுகிற வார்த்தைகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் நான் விழுந்தேன். அப்போது எனக்கு மூன்று மாதம். வடித்த கஞ்சியைக் குண்டானோடு எடுத்துக்கொண்டு முன்கட்டுக்கு வந்தேன். பத்து மாதமாகத் தூக்கிப் பழகிய கால் அன்றைக்கு மட்டும் மறந்துவிட்டது. மேட்டில் பெருவிரல் இடித்தது. கஞ்சி ஒரு பக்கம், குண்டான் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். குண்டான் உருண்டு போய் வடமேற்கு மூலையில் நின்ற சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. இரண்டு நாள் கழித்து எல்லாம் முடிந்துவிட்டது.

திண்டிவனத்து டாக்டரம்மா, விழுந்ததால் இல்லை, விழாமல் இருந்தாலும் இது நின்றிருக்காது என்று பொறுமையாக இரண்டு தடவை சொன்னார். ஒருத்தரும் நம்பவில்லை. என் அம்மா அந்தத் தரைதான் காரணம் என்றார். மாமியார் நான் வெடுக்கு வெடுக்கென்று நடக்கிறதுதான் காரணம் என்றார். என் வீட்டுக்காரர் இருவருக்கும் தலையாட்டினார். மாமனார் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னை எட்டிப் பார்த்து, எப்படியம்மா இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போல எழுந்தார், மேட்டைத் தாண்டினார், போய்விட்டார். மற்றவர்கள் பேசியதைவிட அவர் பேசாததுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. இந்த ஆளுக்கு நெஞ்சில் இருப்பதும் களிமண்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

பிறகு டிசம்பரில் கடல் உள்ளே வந்தது. எங்கள் தெரு தப்பித்தது. குப்பத்தில் முழுதாகப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் இருந்தார்கள். மூன்று மாதத்துக் கதையை வாய் திறந்து பேச எனக்கே வெட்கமாகிவிட்டது. பேசாமல் இருந்ததால் அது குறையவும் இல்லை. அந்த நிலையைத் தாண்டும்போதெல்லாம் வேண்டுமென்றே மேட்டை ஓங்கி ஒரு மிதி மிதித்துவிட்டுத்தான் போவேன். வலி எனக்குத்தான்.

அடுத்த வருஷம் மறுபடி உண்டானேன். ஏழாம் மாதம் ஆவணியில் வளைகாப்பு வைத்தார்கள். கை நிறைய வளையல், கன்னம் நிறைய சந்தனம், ஐந்து விதச் சோறு. வந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே திசை பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் அம்மா பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார், பெருமுக்கலுக்குக் கூட்டிப்போக. அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. வளைகாப்புப் பெண்ணை யாரும் திட்ட முடியாது, அதைவிட நல்ல சமயம் கிடைக்காது.

"இந்தத் தரைய மட்டம் பண்ணாம நான் புள்ளயத் தூக்கினு இந்த வீட்டுக்கு வர மாட்டேன்."

புளிசோறு வாயில் இருந்தவர்கள் அப்படியே நிறுத்தினார்கள். மாமியாருக்கு முகம் சுண்டிவிட்டது. நாலு பேர் முன்னால் இப்படியா என்று அவர் ஆரம்பிப்பதற்குள் மாமனார் தட்டிலிருந்து நிமிராமலே சரி என்றார். அந்த நாளுக்கு அது அவருடைய மூன்றாவது வார்த்தையாக இருக்கலாம்.

அதன் பிறகு நடந்ததையெல்லாம் நான் பெருமுக்கலில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் பிடித்து வரும் வீட்டுக்காரர் சொல்லித்தான் கேட்டேன். முதல் ஞாயிறு, வானூரிலிருந்து ஒரு கொத்தனாரை அழைத்து வந்ததாகச் சொன்னார். கொத்தனார் ரசமட்டத்தைத் தரையில் வைத்தார். குமிழி ஒரு பக்கமாக ஓடிப் போய் ஒட்டிக்கொண்டது. மொத்தத்தையும் பெயர்க்க வேண்டும், ஆற்று மணல் அடிக்க வேண்டும், ஜல்லி போட வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனாராம். மாமனாருக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. அவர் ரசமட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். தன் வீட்டுக்குள் வந்து, தன் முன்னாலேயே, ஒரு கண்ணாடிக் குழாயை வைத்து ஒருத்தன் மட்டம் பார்க்கிறானே என்று அவருக்குப் பொறுக்கவில்லை. கொத்தனாருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். நானே பார்த்துக்கிறேன் என்று சொல்லிவிட்டாராம். எனக்குப் பகீர் என்றது.

இரண்டாவது ஞாயிறு, தரையைக் கடப்பாரையால் பெயர்த்துவிட்டார்கள் என்றும், அடுப்பு வாசலுக்கு வந்துவிட்டது என்றும் சேதி. மூன்றாவது ஞாயிறு என் வீட்டுக்காரர் சொல்லத் தயங்கினார். பிடுங்கித்தான் கேட்க வேண்டியிருந்தது. மழைக்காலம் வந்துவிட்டதால் உப்பளத்தில் வேலை இல்லை. கூட வேலை செய்கிற நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, உப்பளத்து வரப்போரம் வெட்டிய களிமண்ணை மீன்பாடி வண்டியில் நடை நடையாகக் கொண்டுவந்து வீட்டுக்குள் கொட்டியிருக்கிறார்கள். அந்த மண்போல இறுகுகிற மண் எங்கேயும் கிடையாது என்பது மாமனாரின் வாதம். யாரும் மறுக்கவில்லை. தெருவில் இருப்பவர்கள் எல்லாருமே உப்பளத்துக்காரர்கள். பிறகு ஆண்களும் பெண்களுமாக வரிசையில் நின்று, குதிகாலும் முன்காலுமாகச் சுவர் தொட்டுச் சுவர் வரைக்கும் மிதித்திருக்கிறார்கள். மாமியாரும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டார். தரை நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒன்றரை வருஷமாகச் சாதித்த அதே மாமியார்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. இரண்டு வாசலிலும் களிமண்ணால் வரப்பு கட்டி, கைபம்பிலிருந்து குடம் குடமாக அடித்து, வீட்டுக்குள் தண்ணீர் நிறுத்திவிட்டார்கள். கணுக்கால் அளவு தண்ணீர். மாமனார் நடுவீட்டில் குந்தி உட்கார்ந்துகொண்டு தண்ணீரையே பார்த்தாராம். மண் எங்கே தலை காட்டியதோ அங்கே ஒரு மிதி, எங்கே ஆழமோ அங்கே ஒரு கூடை. தெருவே வேடிக்கை பார்க்க வந்தது. யாரோ ஒருத்தர், ஏம்பா, எப்ப உப்பு வாரப் போற என்று கேட்டிருக்கிறார். எல்லாரும் சிரித்தார்கள், மாமனாரும் சிரித்தார். அப்போதுகூட அந்தக் கூட்டத்தில் ஒருத்தருக்கும் அது நிஜமாகவே ஒரு கேள்வி என்று தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். உப்பிலேயே கிடக்கிறவர்களுக்கு உப்பு கண்ணில் படுவதில்லை. தண்ணீரை இறக்கி, மண்ணைக் காயவிட்டு, மழைக்காலத்தில் கொத்து வேலைக்குப் போகிற அந்த நாலு பேரில் ஒருத்தரைக் கொண்டே மேலே சிமெண்ட் பூசி இழைத்துவிட்டார்கள்.

கார்த்திகைக் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் மாதம், மாசியில், என்னை அழைத்துப்போக வந்தார்கள். எல்லாம் ரெடி என்று வீட்டுக்காரர் சொன்னார். நான் நம்பவில்லை. பெருமுக்கலிலிருந்தே ஒரு எலுமிச்சம்பழம் எடுத்துப்போனேன். ஆரத்தி எடுத்து முடித்ததும் குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு, நேராகப் போய் அந்த நிலைக்குக் கீழே பழத்தை வைத்தேன். நின்றது. முன்கட்டில் வைத்தேன், பின்கட்டில் வைத்தேன், மூலைக்கு மூலை வைத்தேன். வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. நான் பழத்தோடு வீடெல்லாம் குந்திக் குந்தி நகர்வதை மாமனார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் அன்றைக்கு இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த சண்டைக்கு இனி இடமில்லை. இருந்தாலும் ஒரு குறையைக் கண்டுபிடித்துவிட்டேன். கட்டிலில் படுத்தால் தலைக்கு ரத்தம் இறங்குகிறது. குனிந்து பார்த்தால், இரண்டு கால்களுக்கு அடியில் செங்கல் அப்படியே இருக்கிறது. தரை மட்டமாகி மூன்று மாதம் ஆகியும் என் வீட்டுக்காரர் எதிர்ப்பக்கம் சாய்ந்த கட்டிலில் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார். எடுத்துப் போட்டேன். ஒரு வாரம் தூக்கம் வரவில்லை என்று புலம்பினார்.

சித்திரை வெயில் வந்தது. ஒரு நாள் காலையில் தரையில் அங்கங்கே வெள்ளையாகப் பொடி. குழந்தைக்குப் போடுகிற பவுடரை நான் கொட்டிவிட்டேன் என்று மாமியார் முணுமுணுத்துக்கொண்டே துடைத்தார். மறுநாளும் இருந்தது. அவர் கோல மாவைத்தான் சிந்திவிட்டார் என்று நான் முணுமுணுத்துக்கொண்டே துடைத்தேன். இப்படி ஒரு வாரம் ஒருத்தர்மேல் ஒருத்தர் பழி போட்டுக்கொண்டு துடைத்தோம். எட்டாம் நாள் நிலைக்குப் பக்கத்தில் சிமெண்ட் அப்பளம்போல உப்பிக்கொண்டு நின்றது. விரலால் தொட்டேன், பொடிந்து கையோடு வந்தது. அடியில் வெள்ளை வெளேரென்று இருந்தது. மாமனாரைக் கூப்பிட்டோம். அவர் குந்தி உட்கார்ந்தார், ஒரு விரலில் தொட்டார், நாக்கில் வைத்தார். ரொம்ப நேரம் நாக்கிலேயே வைத்திருந்தார்.

"நம்ம பாத்தி உப்புதான்," என்றார்.

தெருவுக்கு அன்றைக்கு வேறு வேலை இல்லை. ஊரிலேயே நிழலில் உப்பு விளைகிற ஒரே இடம் எங்கள் வீடுதான் என்று பேசிக்கொண்டார்கள். வானூர்க் கொத்தனார் காதுக்கும் போய், வேறு யார் வீட்டுக்கோ வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவர் சிரித்திருந்தாலாவது பரவாயில்லை, சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். மறுபடி முழுதாகப் பெயர்த்து, மண்ணை எடுத்து, மணல் அடித்தால்தான் உண்டு, அதுவும் அடுத்த மழை முடிந்த பிறகுதான் என்றார். தலை குனிந்த மாமனார் நிமிரவே இல்லை. அவர் வாங்கிய நல்ல பேரெல்லாம் எந்த மண்ணில் வாங்கியதோ அதே மண் அவரைக் கவிழ்த்துவிட்டது.

சேதி பெருமுக்கலுக்கும் போய்விட்டது. என் அம்மா அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினார். குழந்தை குப்புறத் தொடங்கிவிட்டாள், இந்த உப்பு மேல் எப்படி விடுவாய், சபையில் சொன்ன சொல் என்ன ஆயிற்று, கிளம்பு என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரர் அம்மாவுக்கும் தலையாட்டினார், எனக்கும் தலையாட்டினார். நான் பெட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டேன், துணியும் மடிக்க ஆரம்பித்தேன். அப்போது நிலைக்கு அந்தப் பக்கம் மாமனார் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை, தரையைப் பார்த்துத்தான் பேசினார்.

"நீ வுழுந்த அன்னிலேர்ந்து எனக்கு இந்த மேடு ஒண்ணுதாம்மா கண்ணுலயே நின்னுச்சு. மட்டம் ஆனா போதும்னு பாத்தேன். உப்பு ஞாபகமே வரல."

ஒன்றரை வருஷம். இந்த மனிதர் தினமும் அந்த மேட்டைத் தாண்டும்போது என்ன நினைத்துக்கொண்டு தாண்டினார் என்று நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை. அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. அதனால் அம்மா பக்கம் திரும்பிச் சண்டைக்காரி குரலிலேயே சொன்னேன்.

"நான் கேட்டது மட்டம்மா. தரை மட்டமாத்தான் இருக்குது. வேணும்னா எலுமிச்சம்பழம் வெச்சிப் பாரு."

அம்மா பழம் வைத்துப் பார்க்கவில்லை. என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தார். ஒரு வாய் மோர் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து விடிந்ததும் முதல் வேலையாக மாமனார் துடைப்பத்தை எடுத்தார். அதுவரை துடைப்பம் எந்த மூலையில் இருக்கும் என்றுகூட அவருக்குத் தெரியாது. சுவரோரம் தொடங்கி வீடு முழுக்க உப்பைக் கூட்டி, முறத்தில் அள்ளி, ஈரத் துணியால் துடைத்து, காய்ந்ததும் பாயை விரித்துவிட்டு, பிறகுதான் உப்பளத்துக்குப் போவார். அங்கே பொழுதெல்லாம் உப்பு வருவதற்குப் பாடு, இங்கே வராமல் இருப்பதற்குப் பாடு. மாமியார் முதல் நாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு, மூலையில் விட்டுவிட்டீர்கள் என்று குற்றம் சொல்லத் தொடங்கிவிட்டார்.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவர் முன்கட்டைக் கூட்டி முடித்துவிட்டுப் பின்கட்டுக்கு வந்திருந்தார், பாய் இன்னும் விரிக்கவில்லை. நான் அடுப்படியில் இருந்தேன். முன்கட்டில் சின்னப் பாயில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்துவிட்டாள் போலிருக்கிறது. திரும்பிப் பார்த்தால், நாலு காலில் எங்களை நோக்கி வந்துகொண்டிருக்கிறாள். தவழ ஆரம்பித்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. வயிற்றைத் தூக்கி, ஒரு கை, ஒரு முழங்கால், மறு கை. நிலைக்குக் கீழே வந்தாள். என் கையில் கரண்டி நின்றுவிட்டது. மாமனாரின் துடைப்பமும் நின்றுவிட்டது.

அவள் பாட்டுக்குத் தாண்டி வந்துவிட்டாள். அங்கே ஏதோ இருந்தது என்பது அவளுக்குத் தெரியாது. நிலையைக் கடந்து இரண்டு முழம் வந்து உட்கார்ந்து, உள்ளங்கையை வாயில் வைத்தாள். முகம் கோணிக்கொண்டது. துப்பிவிட்டு, மறுபடி அதே கையை வாயில் வைத்தாள்.

மாமனார் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு அவளைத் தூக்கி, வேட்டி முனையால் அந்தக் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். கையில் உப்பு எப்போதோ போய்விட்டது, போதும் மாமா என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.